தாளம் தப்பிய பிள்ளை மக்கு இல்லை



எங்கள் ஓர்ஸ் ஹில்லில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் கேமில்தான் வந்து நிற்கும். பப்ஜி, ஃப்ரீ ஃபயர் எல்லாம் பெற்றோருக்கும் தெரிந்த பெயர்கள். நான் இன்று எழுதுவது அவ்வளவு பேருக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி: கிரிப்ட் ஒஃப் த நெக்ரோடான்சர். விளையாடியவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுகிற கேம் இது. அந்த வாதத்தில் எங்கள் வகுப்பறைக்கும் ஒரு பாடம் இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

கனடாவின் வன்கூவரில் இருக்கும் பிரேஸ் யுவர்செல்ஃப் கேம்ஸ் இதை 2015 ஏப்ரலில் வெளியிட்டது. ரோக்லைக் என்ற வகை. 1980இல் வந்த ரோக் என்ற பழைய கணினி விளையாட்டின் வழியில் வந்தவற்றுக்கு அந்தப் பெயர். ஒவ்வொரு தடவையும் பாதாளத்தின் அறைகள் புதிதாக மாறி அமையும். செத்தால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது, அந்தப் பகுதியின் ஆரம்பத்துக்கே போக வேண்டும்.

இதில் புதுமை தாளம். கேடன்ஸ் என்ற பெண் காணாமல்போன தகப்பனைத் தேடிப் போகிறாள். பாட்டின் தட்டுக்குச் சரியாகத்தான் அவள் ஒரு கட்டம் நகரலாம், வாளை வீசலாம். தட்டைத் தவறவிட்டால் அந்த அசைவு வீண், சேர்த்து வந்த காசுப் பெருக்கமும் போய்விடும். முதல் மட்டத்தின் பாட்டு நிமிடத்துக்கு 115 தட்டு. மூன்றாவது மட்டத்தில் அது 140. இசையமைத்தவர் டேனி பரனோவ்ஸ்கி. கேமைத் திட்டுகிறவர்களும் பாட்டைத் திட்டி நான் பார்த்ததில்லை.

இனி அந்த இரண்டு கட்சி.

ஒரு கட்சி சொல்கிறது: "இது அநியாயம். யோசிக்க நேரமே தருவதில்லை. பழகுவதற்குள் செத்துப்போகிறோம்."

மற்றக் கட்சி சொல்கிறது: "இதைவிட நியாயமான கேம் இல்லை. தோற்றால் பிழை உன்னுடையது." அவர்கள் காரணமும் காட்டுகிறார்கள். பச்சைச் சளி உருண்டை இருந்த இடத்திலேயே துள்ளும். நீல உருண்டை மேலும் கீழும் மட்டும் போகும். வெள்ளை எலும்புக்கூடு ஒரு தட்டு விட்டு ஒரு தட்டுத்தான் நகரும், நகர முன்னர் கையைத் தூக்கிக் காட்டும். பெரும்பாலானவற்றுக்கு இப்படி ஓர் ஒழுங்கு இருக்கிறது. வௌவால் மட்டும் கண்டபடி பறக்கும், அதை இரண்டு கட்சியும் சேர்ந்தே திட்டுகின்றன.

ஒழுங்கைப் பற்றி இரண்டாவது கட்சி சொல்வது சரி. பத்துத் தடவை தோற்றவனிடம் வாளும் காசும் மிஞ்சாவிட்டாலும், எது எப்போது நகரும் என்ற அறிவு மிஞ்சும். பதினோராவது தடவை அவன் கொஞ்சம் தூரம் கூடப் போவான். ஆனால் அந்தக் கட்சியிலேயே சிலர் ஒரு படி மேலே போய், "தாளம் பிடிக்க முடியாதவன் இதைத் தொடவே வேண்டாம்" என்கிறார்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை.

இந்தக் கேமை எடுத்தவர்களே அப்படிச் சொல்லவில்லை. பார்ட் என்று ஒரு பாத்திரத்தை வைத்திருக்கிறார்கள். அவனுக்குத் தாளக் கட்டுப்பாடு கிடையாது. நீங்கள் ஓர் அடி வைத்தால்தான் எதிரியும் ஓர் அடி வைக்கும். ஆறுதலாக நின்று யோசிக்கலாம். அதே எதிரிகள், அதே ஒழுங்கு, மணிக்கூட்டை மட்டும் எடுத்துவிட்டார்கள். மறுபக்கம், ஏரியா என்று ஒரு பாத்திரமும் உண்டு. அவளுக்கு உயிர் அரை இதயம்தான், ஒரு தட்டுத் தப்பினாலே சாவு. இரண்டு பேருக்கும் ஒரே கேமில் இடம் இருக்கிறது.

பார்டை எடுத்து விளையாடுவது "கள்ள விளையாட்டு" என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. என் கருத்து நேர்மாறானது. புதிதாகத் தொடங்குகிற யாரும் பார்டில் தொடங்குவதுதான் புத்தி. ஒழுங்கைப் படித்த பிறகு தாளத்துக்கு வரலாம். ஒரே நேரத்தில் இரண்டையும் படி என்பதுதான் அநியாயம்.

எங்கள் ஊர்களின் பொல்லடியை, களிகம்பைப் பாருங்கள். தாளம் தப்பினால் கம்பு விரலில் விழும். அதனால்தான் பழக்கும்போது எடுத்த எடுப்பில் வேகம் கொடுப்பதில்லை. அடியும் திரும்பலும் காலுக்குப் பழகிய பிறகே வேகம் கூடும். கரைவலை இழுக்கிறவர்களும் அப்படித்தான். அம்பாப் பாட்டுக்குச் சேர்ந்து இழுக்கப் புதியவனுக்கு நாள் எடுக்கும். அதற்காக அவனைக் கடற்கரையை விட்டுத் துரத்துவதில்லை.

வகுப்பறையில் நாங்கள் என்ன செய்கிறோம்? நான் கணிதம் படிப்பிக்கிறவன். பின்னம் புரியாத பிள்ளையும், பின்னம் புரிந்தும் நேரத்துக்குள் செய்து முடிக்க முடியாத பிள்ளையும் வேறு வேறு. விடைத்தாளில் இரண்டு பேருக்கும் ஒரே புள்ளி விழும், வீட்டில் இரண்டு பேருக்கும் "மக்கு" என்ற ஒரே பெயர் விழும். முதலாவது பிள்ளைக்குத் தேவை விளக்கம். இரண்டாவது பிள்ளைக்குத் தேவை பயிற்சி. இரண்டு பேரையும் ஒரே ரியூசனுக்கு அனுப்பி, ஒரே பாஸ் பேப்பரைக் கையில் கொடுத்து, மணிக்கூட்டையும் முன்னால் வைத்தால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. ஓ.எல். கணிதத்தில் தவறி, "எனக்கு மூளை இல்லை ஸேர்" என்று சொல்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் உண்மையில் இந்த இரண்டாவது வகை என்று நாங்கள் தேடிப் பார்க்கிறோமா?

இன்னொரு விஷயம். புளூடூத் ஹெட்செட் போட்டு இந்தக் கேமை விளையாடினால் சத்தம் கொஞ்சம் பிந்தி வரும். பிள்ளை சரியாகத் தட்டினாலும் கேம் "தப்பு" என்று காட்டும். அந்தத் தாமதத்தைச் சரிசெய்ய அமைப்பிலேயே வழி வைத்திருக்கிறார்கள். வகுப்பிலும் இது நடக்கிறது. கரும்பலகை தெளிவாகத் தெரியாத பிள்ளை, காது மந்தமான பிள்ளை, காலைச் சாப்பாடு இல்லாமல் வருகிற பிள்ளை. அடிக்க முன்னர், ஏச முன்னர், குறை எங்கே என்று ஒரு தடவை பாருங்கள்.

இசை விஷயத்தில் மார்க்க அடிப்படையில் தயக்கம் உள்ளவர்கள் இருக்கிறீர்கள். எலும்புக்கூடும் பாதாளமும் பிடிக்காதவர்களும் இருக்கிறீர்கள். அது உங்கள் வீட்டு முடிவு, ஃபத்வா சொல்வது என் வேலையில்லை. எல்லாப் பிள்ளைக்கும் இதை வாங்கிக் கொடுங்கள் என்றும் சொல்லவில்லை. தொழுகை, படிப்பு, நித்திரை மூன்றையும் தின்கிற எந்தக் கேமும் கூடாது. பிள்ளை விளையாடத்தான் செய்கிறது என்றால், போனைப் பறிக்க முன்னர் பக்கத்தில் பத்து நிமிடம் இருந்து, எந்த இடத்தில் தோற்கிறது, தோற்ற பிறகு என்ன செய்கிறது என்று பாருங்கள். பிள்ளை எப்படிப் படிக்கும் என்பது அங்கேயே தெரியும்.

வாப்பாமாரிடமும் உம்மாமாரிடமும், அப்பா அம்மாமாரிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த தவணைப் பரீட்சைப் பேப்பர் வந்ததும் புள்ளியைப் பார்த்து ஏச வேண்டாம். பிழைத்த கணக்குகளை நேரக் கட்டுப்பாடு இல்லாமல் வீட்டில் இன்னொரு தடவை செய்யச் சொல்லுங்கள். எத்தனை சரிவருகிறது என்று எண்ணிப் பார்த்து, அந்தக் கொப்பியைப் பாடம் எடுக்கிற ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.