முப்பத்தேழாவது படம்

முகூர்த்தத்தில் நாம் எறியும் அட்சதை யார்மேல் விழுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? நான் கடைசியாகப் போன நான்கைந்து கல்யாணங்களிலும் அது கேமராக்காரர்களின் முதுகில்தான் விழுந்தது. மேடையின் முன்விளிம்பில் ஏழெட்டுப் பேர் அணைகட்டி நிற்கிறார்கள். நாற்காலியில் இருப்பவர்கள் தாலி கட்டுவதைப் பக்கவாட்டு எல்இடி திரையில் பார்த்துக்கொண்டு, கெட்டிமேளம் கேட்டதும் மணமக்கள் இருக்கும் திசையைக் குத்துமதிப்பாக வைத்து வீசுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த ஏழெட்டுப் பேரில் பாதிப் பேர், அங்கே கேமராவே இல்லாததுபோலப் படமெடுப்பதற்காகப் பணம் பேசி வரவழைக்கப்பட்டவர்கள்.

இன்றைய கல்யாண போட்டோ கொட்டேஷன் ஒன்றை வாங்கிப் படித்துப் பாருங்கள். ட்ரெடிஷனல் போட்டோ, ட்ரெடிஷனல் வீடியோ, கேண்டிட் போட்டோ, கேண்டிட் வீடியோ என்று நான்கு வரிகள் நிச்சயம் இருக்கும். அதற்குக் கீழே ட்ரோன், டீசர், ரீல்ஸ், இத்தனை ஷீட்டில் ஆல்பம். முறைப்படி நடப்பது ஒரு கணக்கு, இயல்பாக நடப்பது இன்னொரு கணக்கு என்று ஒரே கல்யாணத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டாவதற்கு விலையைக் கூட்டிவைத்திருக்கிறோம். அப்படி விலைகொடுத்து வாங்கிய இயல்பு எப்படித் தயாராகிறது? “மாப்பிள்ளை சார், சும்மா பேசிக்கிட்டே நடந்து வாங்க. கேமராவப் பாக்காதீங்க. மேடம், அவர் ஏதோ ஜோக் சொன்ன மாதிரி சிரிங்க. இன்னும் கொஞ்சம் நேச்சுரலா...” மூன்றாவது முறை நடந்து வரும்போது மாப்பிள்ளையின் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச இயல்பும் வியர்வையோடு போய்விடுகிறது. “ஒரு கேண்டிட் போஸ் குடுங்க” என்ற வாக்கியத்தை நானே காதால் கேட்டிருக்கிறேன். சொன்னவரும் சிரிக்கவில்லை, கேட்டவர்களும் சிரிக்கவில்லை.

கேண்டிட் என்ற சொல்லுக்கு வேறொரு வரலாறு உண்டு. அந்த வகைப் படங்களுக்குப் பெரும் பெயர் தேடித்தந்த பிரெஞ்சுக் கலைஞர் ஹென்ரி கார்த்தியே-பிரஸ்ஸோன், கைக்கடக்கமான லைக்கா கேமராவின் பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு டேப்பால் மூடிவைத்துக்கொண்டு அலைந்தவர். பெரும்பாலும் ஒரே ஒரு 50 மி.மீ. லென்ஸ். ஃபிளாஷ் அவருக்கு ஆகாது. 1952-இல் வந்த அவருடைய புகழ்பெற்ற புத்தகத்துக்கு ஆங்கிலத்தில் ‘தீர்மானமான கணம்’ என்ற பொருளில் கம்பீரமாகப் பெயர் வைத்தார்கள். பிரெஞ்சு மூலத்தின் பெயரோ, ‘கண்ணில் படாமல், ஓட்டத்தில் எடுத்த படங்கள்’ என்பதற்கு நெருக்கமானது. எனக்குப் பிரெஞ்சுத் தலைப்பே பிடிக்கும். அவர் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியின் இறுதி நாள்களையும் அவர் மறைவுக்குப் பின் அங்கே திரண்டவர்களையும் படமெடுத்தார். துக்கத்தில் இருப்பவர்களை யாரும் இன்னொரு முறை அழச் சொல்ல முடியாது. ஓரமாக நின்று காத்திருப்பது ஒன்றுதான் வழி.

இந்தக் காத்திருக்கும் கலை அமெரிக்கக் கல்யாணங்களுக்குள் நுழைந்ததில் டெனிஸ் ரெஜி என்ற போட்டோகிராபருக்குப் பங்குண்டு. 1996 செப்டம்பரில் ஜார்ஜியா மாநிலத்தின் கம்பர்லேண்ட் தீவில் ஜான் எஃப். கென்னடியின் மகனுக்கு ரகசியமாகக் கல்யாணம் நடந்தது. சிறு மரத் தேவாலயத்தை விட்டு வெளியே வரும்போது மணமகன் மணமகளின் கையை எடுத்து முத்தமிட்ட நொடியை ரெஜி எடுத்தார். உலகம் முழுக்க அந்தப் படம் சுற்றியது. அங்கே விருந்தாளிகள் சில டஜன் பேர்தான். நம் மண்டபத்தில் முதல் பந்தியிலேயே முந்நூறு பேர். அந்தச் சிறு கூட்டத்துக்கு உண்டான முறையை அப்படியே தூக்கிவந்து, ஏற்கெனவே இருந்த ஸ்டில், வீடியோ ஆட்களோடு சேர்த்து மேடையில் ஏற்றினால் அட்சதை வேறெங்கே விழும்?

இதைப் படித்துவிட்டு, பழைய விறைப்பான குரூப் போட்டோவை நான் கேலி செய்யப்போகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தப் படங்களுக்கு ஒரு வேலை இருந்தது. ஒரு ரோலுக்கு 36 படம்; பிலிம், கழுவுகூலி, பிரிண்ட் என்று ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு. அதனால் யார் யார் படத்தில் வர வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் பட்டியல் போட்டார்கள். மாமா வீட்டார் ஒரு படம், சம்பந்தி வீட்டார் ஒரு படம், அலுவலகத்தார் ஒரு படம். வந்தவர்களின் வருகைப் பதிவேடு அது. மொய் நோட்டின் சித்திர வடிவம் என்றும் சொல்லலாம். அதற்கும் முந்தைய தலைமுறை, கல்யாணம் முடிந்து ஒரு நல்ல நாளில் ஸ்டுடியோவுக்கே போய், வரைந்த திரைக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடிச் சேர்த்து எண்மமாக்கியிருக்கிறது. அந்த மாதிரிப் படங்களில் யாரும் சிரிப்பதில்லை. ஆனால் வளையலும் கைக்கடிகாரமும் தெரியும்படி கையை எங்கே வைப்பது என்று அவர்கள் பட்ட கவலை இருக்கிறதே, அதைவிட இயல்பான ஒன்றை இன்றைய கடற்கரை ஓட்டப் படங்களில் நான் பார்த்ததில்லை.

ஆக, பார்வை கேமராவில் இருக்கிறதா இல்லையா என்பது ஒரு விஷயமே இல்லை. எடுப்பவருக்கு எதிரில் இருக்கும் ஆட்களைத் தெரியுமா, நடக்கும் சடங்கு தெரியுமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தாலி கட்டும் நொடியை எடுத்துக்கொள்வோம். பல சமூகங்களில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது. அடுத்த இரண்டும் நாத்தனார் போடுவது. இது நடப்பது பெண்ணின் பின்கழுத்தில். முன்னால் நிற்கும் அத்தனை கேமராவுக்கும் கிடைப்பது மாப்பிள்ளையின் முழங்கையும் மாலையும் மட்டும். சடங்கு தெரிந்தவர் கெட்டிமேளத்துக்கு முன்பே பின்பக்கத் தூணோரம் போய் உட்கார்ந்திருப்பார். அங்கிருந்துதான் முடிச்சுப் போடத் தடுமாறும் விரல்கள் தெரியும், பின்னலை ஒதுக்கிப் பிடிக்கும் நாத்தனாரின் கை தெரியும். தெரியாதவர் என்ன செய்கிறார்? “சார், ஒரு நிமிஷம் அப்படியே” என்று மாப்பிள்ளையின் கையை அந்தரத்தில் நிறுத்துகிறார். ஐயரின் கையசைவுக்காகக் கண்ணிமைக்காமல் காத்திருந்த தவில்காரர் அடித்த அடியை நிறுத்தவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் தவிக்கிறார். முகூர்த்த நேரம் பஞ்சாங்கத்திலிருந்து கேமராக்காரரின் கைக்கு மாறிவிட்டது.

அடுத்தது வெளிச்சம். வீட்டு வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டுக் கல்யாணம் நடந்த காலத்தில், கீற்றுக்கு இடையில் வடிந்து இறங்கிய வெளிச்சத்தை எந்த சாஃப்ட்பாக்ஸாலும் தர முடியாது. இன்று ஜன்னல் இல்லாத ஏசி மண்டபம், விடியற்காலை முகூர்த்தம், மேலே மஞ்சள் பல்பு, பின்னால் நீலமும் ஊதாவுமாக மாறும் எல்இடி சுவர். சத்தமே வராத ஷட்டர் வைத்த மிரர்லெஸ் கேமராக்கள் இப்போது இருக்கின்றன. ஓசைப்படாமல் எடுக்க அருமையானவை. ஆனால் அந்த எல்இடி வெளிச்சத்தில் சத்தமில்லா ஷட்டரைப் போட்டால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழக்கூடும். ஒன்றேகால் லட்சம் கொடுத்து வாங்கிய லென்ஸைவிட, அந்தச் சுவரை முகூர்த்த நேரத்தில் அணைத்துவைக்கும் ஒரு சுவிட்ச் அதிகம் உதவும். அதை அணைக்கச் சொல்லும் துணிவு எந்த வீட்டாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. அதற்கும்தான் தனியாகப் பணம் கட்டியிருக்கிறார்களே.

ஆட்களைத் தெரிவது பற்றிச் சொன்னேன். பழைய ஊர் ஸ்டுடியோக்காரருக்கு நம் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதுவரை தெரியும். பெரியப்பா மேடையேறுவாரா மாட்டாரா என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் கேமரா தயாராக இருக்கும். நகரத்திலிருந்து வரும் ஆறு பேர் கொண்ட குழுவுக்கு மணமக்கள் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் பின்னணி, மங்கலாக்கிவிட வேண்டிய பின்னணி. இது அவர்கள் குற்றம் என்று சொல்ல மாட்டேன். அவர்களிடம் நாம் காட்டியதெல்லாம் பிடித்த ரீல்ஸ். நம் ஆட்களை யாரும் அறிமுகப்படுத்தவில்லை. ஊர் ஸ்டுடியோக்காரரோ இப்போது ஆதார் பிரிண்டும் பாஸ்போர்ட் சைஸ் படமும் எடுத்து நாளை ஓட்டுகிறார்.

இயல்பு என்ற பெயரில் நடக்கும் இன்னொரு காரியத்தைச் சொல்லாமல் விட முடியாது. எடுத்த படம் கணினிக்குப் போனதும் முதலில் வெளுக்கப்படுவது பெண்ணின் முகம். பிறகு மாப்பிள்ளை, பிறகு பெற்றோர். ஒருகாலத்தில் கோடாக் நிறுவனம் ‘ஷெர்லி கார்டு’ என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை ஆய்வகங்களுக்கு அனுப்பி, அவர் தோலுக்கு ஏற்ப வண்ணத்தைச் சரிசெய்யச் சொன்னது. கறுத்த தோல் அதில் சரியாக விழவில்லை. அப்போது பழியை பிலிம்மீது போட முடிந்தது. இன்றைய சென்சார் நம் நிறத்தை உள்ளபடியே வாங்குகிறது, அழிப்பது நாம். அதோடு புகைபடிந்த சினிமாத் தோற்றம் வேண்டும் என்று ஒரு ப்ரீசெட் போடுகிறார்கள். அரக்குப் பட்டு பழுப்பாகிறது, பந்தியில் விரித்த வாழையிலை சருகாகிறது. ‘கேமராவைப் பார்க்காதீர்கள், இயல்பாக இருங்கள்’ என்று கெஞ்சி எடுத்த முகத்தை, அந்த முகமே இல்லாமல் செய்துவிட்டு ஆல்பத்தில் ஒட்டுகிறோம்.

ப்ரீ வெடிங் ஷூட்டைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. 2020 நவம்பரில் மைசூரு பக்கம் தலக்காட்டில், காவிரியில் பரிசலேறிப் படமெடுக்கப் போன ஒரு ஜோடி கல்யாணத்துக்குச் சில நாள்கள் முன்பு மூழ்கி இறந்தது. அதற்குப் பிறகும் அருவி உச்சியில் கைகோத்து நிற்கும் படங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

சட்டத்தில் ஒரு செய்தி, பெரும்பாலோருக்குத் தெரியாதது. காசு கொடுத்து ஒருவர் கேட்டு எடுக்கப்பட்ட புகைப்படத்தின் முதல் உரிமையாளர், கேட்டவர்தான். மாற்றி ஒப்பந்தம் எழுதியிருந்தால் ஒழிய. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. அந்த ‘ஒழிய’வை நிரப்பத்தான் முன்பணம் வாங்கும்போது பொடி எழுத்தில் நிபந்தனைகளை நீட்டுகிறார்கள். படிக்காமல் கையெழுத்துப் போட்டால், அப்பாவின் தோளில் முகம் புதைத்து அழுத படம் முன்பின் தெரியாத ஒருவரின் இன்ஸ்டாகிராம் விளம்பரமாகும். என் உறவில் ஒரு பெண்ணுக்கு இது நடந்தது. அதை நீக்கச் சொன்னபோது, “இதாங்க்கா எங்க பெஸ்ட் ஒர்க்” என்றார்களாம். அழுகை இயல்பாக வந்திருக்கிறது, அதனால் சிறந்த படைப்பு. அவளுக்கு அது வேறு ஏதோ.

என்னைக் கேட்டால், கேமராக்களைப் பாதியாகக் குறையுங்கள். மிச்சமாகும் பணத்தில் எடுப்பவரை முதல் நாளே வரவழைத்து, சமையற்கட்டில் உட்காரவைத்து ஒரு வேளைச் சாப்பாடு போடுங்கள் என்பேன். பாட்டி யார், அவருக்கு எந்தக் காது கேட்காது, மாப்பிள்ளையின் எந்த நண்பன் எதையாவது உளறிச் சிரிக்கவைப்பான் என்பதெல்லாம் அந்த ஒரு ராத்திரியில் அவருக்குத் தெரிந்துவிடும். மறுநாள் அவர் கேமராவைத் தூக்கும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

எங்கள் அத்தை கல்யாணம் 1986-இல் மன்னார்குடியில் நடந்தது. இரண்டு ரோல். ஆல்பத்தில் எல்லோரும் விறைத்துக்கொண்டு நிற்கிறார்கள், அத்தை உட்பட. ஆல்பத்தின் பின்னட்டைக்குள் ஒரு பழுப்புக் கவர் இருக்கிறது. அதில் ஒரே ஒரு படம். 36 என்று போட்டிருக்கும் ரோலைச் சிக்கனமாக மாட்டினால் 37-ஆவதாக ஒன்று விழும். அது அப்படி விழுந்தது. பெண்ணைக் கார் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. பந்தலுக்குப் பின்னால் கவிழ்த்த அண்டாவின்மேல் தாத்தா உட்கார்ந்திருக்கிறார். தலையில் துண்டு, கையில் மொய் நோட்டு; பார்வை நோட்டில் இல்லை. ஆல்பம் பார்க்க யார் வந்தாலும் அத்தை முதலில் அந்தக் கவரைத்தான் பிரிப்பார். ரோல் தீர்ந்துவிட்டதா என்று பார்க்கத்தான் அமுக்கியதாக ஸ்டுடியோக்காரர் சொன்னாராம். அந்தப் பிரிண்டுக்கு அவர் காசு வாங்கவில்லை.