நான்காம் இடம் யாருக்கு?

கிரிக்கெட்டைப் பற்றி எழுதப் புகும் தமிழாசிரியரை ஐயத்தோடு நோக்கும் நண்பர்கள் உண்டு. ஆயினும், திருக்குறளின் 'தெரிந்துதெளிதல்', 'தெரிந்துவினையாடல்' ஆகிய இரு அதிகாரங்களை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நமக்கு 2019ஆம் ஆண்டின் உலகக் கோப்பையே நினைவுக்கு வருகிறது. ஆளை ஆராய்ந்து தேர்வது முன்னது. தேர்ந்தவரை அவருக்குரிய வினையில் அமர்த்துவது பின்னது. நாம் பெரிதும் நேசிக்கும் இந்திய அணி அவ்வாண்டு இரண்டிலும் தவறியது என்பதே நம் கருத்து.

முதலில் தேர்வு. 2018 அக்டோபரில் நான்காம் இடத்திற்கு அம்பாதி ராயுடுவே உரியவர் என்று அணித்தலைவர் விராட் கோலி வெளிப்படையாகவே கூறினார். 2019 ஏப்ரலில் அணி அறிவிக்கப்பட்டபோது ராயுடுவின் பெயர் அதில் இல்லை. மட்டைவீச்சு, பந்துவீச்சு, களத்தடுப்பு ஆகிய மூன்றும் அறிந்தவர் என்ற காரணத்தால் விஜய் சங்கர் சேர்க்கப்பட்டார். நம் தமிழ்நாட்டு ஆட்டக்காரர் என்பதால் அன்று நாமும் மகிழ்ந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால், நான்காம் இடத்திற்குத் தேவைப்பட்டவர் தேர்ந்த மட்டையாளர் ஒருவர். மூன்று கலைகளை ஓரளவு அறிந்தவரை அங்கே நிறுத்தியது விஜய் சங்கருக்கும் இழைக்கப்பட்ட அநீதியே. அவர் காயமுற்றபோதும், காத்திருப்போர் பட்டியலில் இருந்த ராயுடு அழைக்கப்படவில்லை. அதுவரை ஒருநாள் பன்னாட்டுப் போட்டி எதிலும் ஆடியிராத மயங்க் அகர்வால் அழைக்கப்பட்டார். ஜூலை 3ஆம் நாள் ராயுடு ஓய்வை அறிவித்தார். பின்னர் அம்முடிவைத் திரும்பப் பெற்றபோதும், இந்திய அணியின் கதவு அவருக்கு மீண்டும் திறக்கவில்லை.

அடுத்து வரிசை. அத்தொடரில் இந்தியா ஆடிய ஒன்பது ஆட்டங்களில் ராகுல், பாண்டியா, விஜய் சங்கர், பந்த் என நால்வர் நான்காம் இடத்தில் இறங்கினர். ரோகித் சர்மாவின் ஐந்து சதங்கள் இக்குறையை மூடி மறைத்தன. மான்செஸ்டரில் நியூசிலாந்துடன் நடந்த அரையிறுதியில் அத்திரை கிழிந்தது. இலக்கு 240 ஓட்டங்கள். முதல் மூவரும் ஆளுக்கொரு ஓட்டத்தில் வெளியேற, 5 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகள். பின்னர் தினேஷ் கார்த்திக்கும் வீழ, 24க்கு 4. அப்போதும் தோனி இறங்கவில்லை. அவர் ஏழாம் இடத்தில் வந்தபோது அணியின் எண்ணிக்கை 71.

தோனி முன்னதாக இறங்கி ஆட்டமிழந்திருந்தால் துரத்தலே அங்கு முடிந்திருக்கும் என்று பயிற்சியாளர் ரவி சாஸ்திரி பின்னர் விளக்கினார். இவ்வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிடவில்லை. ஆனால், பந்த், பாண்டியா ஆகிய இளைஞர் இருவரும் தலைக்கு 32 ஓட்டங்கள் எடுத்தபின், சான்ட்னரின் பந்தை உயர்த்தி அடித்தே வெளியேறினர். அருகில் நின்று நிதானம் சொல்ல மூத்தவர் ஒருவர் தேவைப்பட்ட வேளை அது. அவ்வாறு தோனி எதிர்முனையில் நின்றபோது ஜடேஜா 59 பந்துகளில் 77 ஓட்டங்கள் குவித்தார் என்பதே இதற்குச் சான்று. இருவரும் இணைந்து 116 ஓட்டங்கள் சேர்த்தும், 18 ஓட்டங்களில் தோற்றோம். 2011 இறுதியாட்டத்தில் யுவராஜுக்கு முன்னதாகத் தாமே இறங்கி, ஆட்டமிழக்காமல் 91 ஓட்டங்கள் எடுத்து வென்று தந்தவரும் இதே தோனிதான்!

தோல்விக்குப் பின் எழுந்த வெற்றறிவு இது என்று சிலர் நகைக்கலாம். ஆராயாமல் தெளிவதும், தெளிந்தபின் ஐயுறுவதும் நீங்காத் துன்பம் தரும் என்று வள்ளுவர் எந்தத் தோல்வியையும் கண்டபின் சொல்லவில்லையே!

2023 உலகக் கோப்பையில் ஸ்ரேயாஸ் ஐயரைத் தொடர் முழுவதும் நான்காம் இடத்தில் நிறுத்தினர். அவர் 530 ஓட்டங்கள் எடுத்தார். அவ்வணியும் அகமதாபாத் இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. வரிசை செம்மையாக இருந்தால் வெற்றி உறுதி என்று நாம் சொல்லவரவில்லை. தன் இடம் எதுவென்று அறிந்து ஒருவன் களமிறங்குவது அவனுக்குரிய உரிமை. அவ்வுரிமையை மறுத்துவிட்டு, தோற்றபின் ஆட்டக்காரனைப் பழிப்பது அறமாகாது.