அப்டேட்டுக்குப் பின் லேப்டாப் மக்கர் பண்ணுதா? ஃபார்மட் கடைசி வழிதான்!

"அப்டேட் போட்டனுங்க, அதுக்கப்புறம் ஓப்பனே ஆக மாட்டேங்குது..." லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போகிறவர்கள் அடிக்கடி சொல்வது இது. பல கடைகளில் பதிலும் தயாராக இருக்கும்: "ஃபார்மட் பண்ணிடலாமுங்க!"

மூலனூர், தாராபுரம் பக்கத்து வீடுகளில் ஒரு லேப்டாப்பில் என்னவெல்லாம் இருக்கும்? மகளின் கல்லூரி புராஜெக்ட், அக்கா கல்யாண போட்டோக்கள், ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கும் யூனிட்டின் கூலிக் கணக்கு. வேறு காப்பி எடுத்து வைக்காவிட்டால், ஃபார்மட் என்ற ஒரே வார்த்தையில் அத்தனையும் போய்விடும். லினக்ஸ் லேப்டாப் என்றால் பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகத் தேவையே இல்லை.

லினக்ஸ் நம் ஊருக்குப் புதிதல்ல. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதை உருவாக்கியது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம். அதற்கு அடிப்படை, 1993-ல் இயான் முர்டாக் தொடங்கிய டெபியன். பலர் பயன்படுத்தும் உபுண்டு, லினக்ஸ் மின்ட் ஆகியவையும் இதே டெபியன் குடும்பம்தான். அதனால், ஒன்றுக்குச் சொல்லும் வைத்தியம் பெரும்பாலும் மற்றதற்கும் பொருந்தும்.

பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பீஸில் ஷேடு மாறினால் மொத்தத் துணியையும் தூக்கி எறிய மாட்டார்கள். எந்த லாட், எப்போது மாறியது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். லேப்டாப்புக்கும் அதே கேள்விதான்: கடைசியாக என்ன மாறியது?

அதற்கான பதிலை லினக்ஸ் தானாகவே எழுதி வைக்கிறது. வார், லாக், ஆப்ட் என்று ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் ஃபோல்டர்களில் 'ஹிஸ்டரி டாட் லாக்' என்றொரு ஃபைல் உண்டு. எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த மென்பொருள், எந்தப் பழைய பதிப்பிலிருந்து எந்தப் புதிய பதிப்புக்கு மாறியது என்று வரிசையாக இருக்கும். நேற்று வரை பாடிய ஸ்பீக்கர் இன்று பாடவில்லை என்றால், நேற்றைய தேதிக்குக் கீழே உள்ள பட்டியல்தான் முதல் சந்தேகம்.

வழக்கமாக வரும் தொல்லைகள் நான்கைந்துதான்.

திரை கறுப்பாகிவிட்டதா? அப்டேட்டில் 'கெர்னல்' எனப்படும் அடிப்படை மென்பொருள் மாறியிருக்கலாம். கிராபிக்ஸ் டிரைவர் அதனுடன் ஒத்துப்போகாதபோது இப்படி ஆகும். உபுண்டு புதிய கெர்னலைப் போடும்போது முந்தையதை உடனே அழித்துவிடுவதில்லை. ஆன் செய்ததும் ஷிஃப்ட் பட்டனை அழுத்திப் பிடித்தால் ஒரு மெனு வரும். புதிய மாடல்களில் எஸ்கேப் பட்டனைத் தட்ட வேண்டும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் ஓடினால் கோளாறு எங்கே என்பது தெரிந்துவிட்டது. டிரைவரைச் சரிசெய்யும்வரை பழையதிலேயே வேலை நடக்கும்.

வைஃபை காணாமல் போய்விட்டதா? இதுவும் பல நேரம் டிரைவர் பிரச்னைதான். அதைச் சரிசெய்ய இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும் என்று குழம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் ஒயரில் லேப்டாப்புடன் இணைத்து, செட்டிங்ஸில் 'யுஎஸ்பி டெதரிங்'கை ஆன் செய்தால் போதும். லேப்டாப் அதைக் கேபிள் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும்.

பாதியில் கரன்ட் போய் லேப்டாப் அணைந்துவிட்டதா? சில மென்பொருள்கள் அரைகுறையாக நிற்கும். அதே மெனுவில் 'ரெக்கவரி மோடு' போனால், உபுண்டுவில் 'டிபிகேஜி' என்ற வரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் விட்ட வேலையைத் தானே முடிக்கப் பார்க்கும். அங்கேயே 'க்ளீன்' என்ற வரியும் உண்டு. ஹார்டு டிஸ்க்கில் இடம் நிறைந்து அப்டேட் நின்றிருந்தால் அது உதவும்.

'லாக் கிடைக்கவில்லை' என்று செய்தி வருகிறதா? பின்னணியில் இன்னொரு அப்டேட் ஓடுகிறது என்று அர்த்தம். பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருப்பதே மருந்து. அவசரப்பட்டு ஆஃப் செய்தால்தான் பிரச்னை பெரிதாகும்.

எதுவுமே வேலை செய்யவில்லையா? அப்போதும் போட்டோக்கள் உள்ளேயே இருக்கும். வேறொரு கணினியில், ஒரு பென் டிரைவில் உபுண்டுவை ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பை ஓட வைக்கலாம். 'இன்ஸ்டால்' கொடுக்காமல் 'ட்ரை' என்று கொடுத்தால் ஹார்டு டிஸ்க்கில் எதுவும் அழியாது. ஃபைல்களை இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டு, அப்புறம் தாராளமாக ஃபார்மட் செய்யலாம். டிஸ்க்கைப் பூட்டி வைத்திருந்தால் அந்தப் பாஸ்வேர்டு மட்டும் தேவை. கடைக்காரரிடம் கொடுத்தாலும் "முதல்ல ஃபைலை எடுத்துக் குடுத்துடுங்க" என்று சொல்ல மறக்கக் கூடாது.

'என்ன மாறியது?' என்ற கேள்வி உலகத்தையே காப்பாற்றிய கதையும் உண்டு. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், டெபியனின் சோதனைப் பதிப்பில் ஒரு வித்தியாசத்தைக் கவனித்தார். லாக்-இன் ஆவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆனது. 'போகட்டும்' என்று அவர் விடவில்லை. தேடிப் போனபோது, 'எக்ஸ்இசட்' என்ற சிறு மென்பொருளின் புதிய பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுத் திருட்டு வழி வைத்திருந்தது தெரிந்தது. மார்ச் 29 அன்று அவர் அதைப் பகிரங்கமாக அறிவித்தார். உலகெங்கும் உள்ள சர்வர்களுக்கு அது பரவும் முன்பே, பழைய பதிப்புக்குத் திரும்பித் தப்பித்தார்கள்.

அதற்காக அப்டேட்டே வேண்டாம் என்று இருந்துவிடவும் முடியாது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் அதே அப்டேட்தான். உபுண்டு 20.04-க்கு இலவசமாகக் கிடைத்த வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. அதில் இருப்பவர்கள் மாறத்தான் வேண்டும். ஆனால், மிகப் பழைய 32 பிட் கணினி என்றால் கவனம். 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13, அந்த வகைக் கணினிகளுக்கு ஏற்றதல்ல.

வாராவாரம் வரும் சிறு அப்டேட் வேறு, 20.04-லிருந்து 22.04-க்குத் தாவும் பெரிய மாற்றம் வேறு. பெரியதை செமஸ்டர் பரீட்சைக்கு முந்தைய இரவிலோ, கூலி பட்டுவாடா செய்யும் சனிக்கிழமையிலோ வைத்துக்கொள்ள வேண்டாம். லீவு நாள் காலை, சார்ஜர் செருகியபடி, முக்கியமான ஃபைல்கள் ஒரு பென் டிரைவில் பத்திரமாக. இந்த மூன்றும் இருந்தால், எந்த அப்டேட் சொதப்பினாலும் போவது ஒரு அரை நாள்தான். கல்யாண போட்டோக்கள் போகாது.