ஜெனீவா டேட்டா உலகம் சுற்ற, கேபிள் மட்டும் போதுமா?

ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தின் எல்.எச்.சி. துகள் மோதுவி மேம்படுத்தப்பட்டு, 2030 வாக்கில் மீண்டும் ஓடப்போகிறது. மோதல்கள் பல மடங்கு கூடும், டேட்டாவும் கூடும். அதை செர்ன் தனியாக அலசுவதில்லை. 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் உள்ள சுமார் 170 கணினி மையங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் அதில் ஒன்று.

எவ்வளவு வேகம் வேண்டும்?

குறைந்தபட்ச மதிப்பீடே நொடிக்கு 4.8 டெராபிட். வீட்டில் போடும் 100 எம்.பி.பி.எஸ். இணைப்பு 48,000 சேர்ந்தால்தான் இது வரும்.

கேபிள் போட்டாச்சு, பிறகு எதற்கு சோதனை?

வில்லங்கமே இங்கேதான். அமெரிக்க எரிசக்தித் துறையின் ஈஎஸ்நெட் நெட்வொர்க்கில் ஒருமுறை 10 ஜிகாபிட் ரவுட்டர் கார்டு ஒன்று பழுதானது. 22,000 பாக்கெட்டுக்கு ஒன்றுதான் தொலைந்தது. இது ஒரு விஷயமா என்று தோன்றும். ஆனால் தொலைதூரப் பரிமாற்றங்கள் படுத்துவிட்டன.

காரணம், வழக்கமான டி.சி.பி. முறையில் ஒரு பாக்கெட் தொலைந்தாலே, பாதையில் நெரிசல் என்று நினைத்து அனுப்பும் கணினி வேகத்தைச் சடாரெனக் குறைத்துவிடும். பிறகு பதில் வரவர, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டும். பக்கத்துக் கட்டடம் என்றால் உடனே மீண்டுவிடும். கடல் தாண்டிய மையத்திலிருந்து பதில் வரவே நேரமாகும். வேகம் ஏறுவதற்குள் அடுத்த பாக்கெட் தொலைந்திருக்கும். ரவுட்டரின் சொந்தப் பிழைக் கணக்கிலோ எதுவுமே பதிவாகவில்லை. பாதையில் சோதனைப் பாக்கெட்டுகளை ஓயாமல் அனுப்பிப் பார்க்கும் பெர்ஃப்சோனார் கருவிதான் காட்டிக்கொடுத்தது.

பாதை நாலைந்து நெட்வொர்க்குகளைக் கடக்கும்போது, "எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று ஆளாளுக்குச் சொல்வதும் சகஜம். அதனால்தான் எல்.எச்.சி. மையங்கள் பலவற்றில் இந்தக் கருவி நிரந்தரமாக ஓடுகிறது.

முழு ஒத்திகை என்ன சொன்னது?

2021-ல் எதிர்காலச் சுமையில் 10 சதவீதத்துக்கும், 2024 பிப்ரவரியில் 25 சதவீதத்துக்கும் ஒத்திகை நடந்தது. இரண்டாவதில் நொடிக்கு 1.2 டெராபிட் என்ற குறைந்தபட்ச இலக்கு எட்டப்பட்டது. திணறியது பெரும்பாலும் கேபிள் அல்ல. ஃபைல்களை வரிசைப்படுத்தி அனுப்பும் மென்பொருளும், அனுமதி சரிபார்க்கும் புதிய டோக்கன் முறையும்தான்.

இதை முன்கூட்டியே கண்டுபிடித்தாக வேண்டும். மோதுவி ஓடத் தொடங்கினால் டேட்டா காத்திருக்காது. வெளியே போக வழியில்லை என்றால் செர்னின் டிஸ்க்குகளில்தான் குவியும், அவற்றுக்கும் கொள்ளளவு உண்டு.