பிள்ளையைக் கேட்டு எழுதுவோம்

சிறுவர் நோய்த்தணிப்புப் பராமரிப்பில் நாம் எழுதிவைப்பவை பெரும்பாலும் நாம் செய்தவையே: கிளினிக் வரவு, கொடுத்த மோர்பின் அளவு, வீட்டுக்குப் போன நாட்கள். அந்த மோர்பினைக் குடித்த பிள்ளை இரவு நித்திரை கொண்டதா, காலையில் விளையாடக் கேட்டதா என்பது கோப்பில் ஏறுவது அரிது. இலங்கையில் 2019–2023 காலத்துக்கான நோய்த்தணிப்புப் பராமரிப்புத் தேசிய மூலோபாயச் சட்டகம் இத்துறைக்கு வழி திறந்தது; ஆனால் விளைவை அளக்கும் பழக்கம் கட்டிலருகேதான் தொடங்கும்.

மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை பெற்று மூதூருக்குத் திரும்பும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். தாதி பேசுவது சிங்களம், பிள்ளைக்குத் தெரிந்தது தமிழ். தமிழில் கேட்க ஆளில்லாதபோது உம்மாவின் முகத்தைப் பார்த்தே புள்ளி போடவேண்டி வரும். 2001இல் வந்த திருத்திய முக நோவு அளவுகோலின் ஆறு முகங்கள் இங்கே கைகொடுக்கும். அவற்றில் சிரிப்பும் இல்லை, கண்ணீரும் இல்லை. தெரிந்தே அப்படி வரைந்தார்கள். சிரித்த முகம் இருந்தால் பிள்ளை நோவைக் காட்டாது, பிடித்த முகத்தைத் தொட்டுவிடும். “எவ்வளவு நோகுது எண்டு இதில காட்டுங்கோ மகள்” என்று கேட்டுவிட்டு, விரல் வைக்கும்வரை தாயும் நாமும் பேசாமல் இருக்கவேண்டும்.

பேச முடியாத பிள்ளைக்கு முகம், கால், அசைவு, அழுகை, ஆற்றினால் ஆறுகிறதா என்ற ஐந்தையும் பார்த்து 10க்குப் புள்ளியிடும் ‘ஃபிளாக்’ முறை உண்டு. அதன் திருத்திய வடிவில் நான் பெரிதும் மதிப்பது, தாய் சொல்லும் தனி அடையாளத்தை எழுத விட்டிருக்கும் இடம். “நோ வந்தா இவன் அழமாட்டான், இடக்கையைப் பொத்திக்கொள்ளுவான்” என்று அவள் சொல்வாள். அதை எழுதாவிட்டால், இரவுக் கடமைக்கு வரும் தாதிக்கு அவன் அமைதியாகக் கிடக்கும் பிள்ளைதான்.

நோவோடு நிற்கவும் கூடாது. ஆபிரிக்க நோய்த்தணிப்புப் பராமரிப்புச் சங்கம் உருவாக்கிய பிள்ளைகளுக்கான அளவுகோல் பராமரிப்பவரிடமும் கேள்வி கேட்கிறது. அது வசதி குறைந்த இடங்களில் பிறந்தது என்பதால் நமக்குக் கிட்டியது. தேவை மிகுந்திருப்பதும் அத்தகைய இடங்களில்தான்: கடும் துன்பத்தோடு ஆண்டுதோறும் இறக்கும் ஏறத்தாழ 25 இலட்சம் பிள்ளைகளில் 98 வீதத்துக்கும் மேற்பட்டோர் வளர்முக நாடுகளில் என்று நோய்த்தணிப்புப் பராமரிப்பு பற்றிய லான்செட் ஆணைக்குழு 2017இல் கணக்கிட்டது.

ஆகவே ஒரு வேண்டுகோள். பிள்ளை வீடு போகும் நாளில் டயக்னோசிஸ் கார்டில் கடைசி நோவுப் புள்ளியையும் பிள்ளை நோவைக் காட்டும் தனி அடையாளத்தையும் எழுதுங்கள். கிண்ணியாவிலோ மூதூரிலோ வீட்டுக்குப் போகும் குடும்பநல உத்தியோகத்தர் அதே கேள்வியை அதே சொல்லில் கேட்கட்டும். புள்ளி 4ஐத் தொட்டால் அன்றே வைத்தியருக்குத் தொலைபேசி எடுக்கட்டும். மருந்து மாற்றிய மறுநாள் திரும்பவும் கேட்டு எழுதட்டும்.