பேட்டரி மேல் பழி போடாதீர்கள்

நாக்பூர். ஜனவரி மாத விடியற்காலை, 4 மணி. மண்டிக்குக் கிளம்ப வேண்டிய பக்கத்து வீட்டுக் காய்கறி வியாபாரி தன் பழைய மாருதி வேனில் ஏறி சாவியைத் திருப்புகிறார். 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். பிறகு மௌனம். நாலு பேர் தள்ளியதும் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. மறுநாளும் அதே கதை. எட்டிப் பார்த்த மெக்கானிக் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னார்: பேட்டரி. பல ஆயிரம் ரூபாய்க்குப் புதிய பேட்டரி வந்தது. மூன்றாம் நாள் காலை மீண்டும் 'டிக்'.

1984இல் அறிமுகமாகி, 1988இல் ஆம்னி என்று பெயர் மாறிய இந்த வேனின் உற்பத்தி 2019இல் நின்றுவிட்டது. ஆனால் பள்ளிக்கூட வண்டியாகவும் ஆம்புலன்சாகவும் சரக்கு வண்டியாகவும் இன்னும் பல குடும்பங்களுக்கு அதுதான் சோறு போடுகிறது. வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நிற்கும். அந்த அவசரத்தில்தான் நல்ல பாகங்களைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டுகிறார்கள்.

இதற்கு அவசியமே இல்லை. கார்புரேட்டர் பொருத்திய பழைய 796 சி.சி. எஞ்சினில் கம்ப்யூட்டர் கிடையாது. ஒளித்துவைக்க அதனிடம் ரகசியமும் அதிகம் இல்லை. காது, கண், மூக்கு மூன்றும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் கேள்வி: சாவியைத் திருப்பும்போது எஞ்சின் சுற்றுகிறதா? சுற்றவில்லை என்றால் பெட்ரோலையும் பிளக்கையும் மறந்துவிடுங்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மறுபடி சாவியைத் திருப்புங்கள். விளக்கு அணையும் அளவுக்கு மங்கி, 'டிக் டிக் டிக்' என்று தொடர்ந்து சத்தம் கேட்டால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது அதன் டெர்மினல்களில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடி மின்சாரத்தைத் தடுக்கிறது. முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12க்கு வந்துவிட்டால் ஏறக்குறைய காலி. விளக்கு பிரகாசமாகவே இருந்து, ஒரே ஒரு 'டிக்' மட்டும் கேட்டால் பேட்டரியை விட்டுவிடுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரையும் எர்த் ஒயரையும் சந்தேகப்படுங்கள்.

எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் விசாரணையின் திசை மாறுகிறது. முன் சீட்டைத் தூக்கி ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் எரிபொருள் வருகிறது, பொறிதான் இல்லை. பழைய வண்டி என்றால் பாயின்ட் தேய்ந்திருக்கலாம். மழைக்காலம் என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இறங்கியிருக்கலாம். துணியால் துடைத்தாலே சரியாகிவிடுவதுண்டு. சோக்கை அளவுக்கு மீறி இழுத்து எஞ்சினை பெட்ரோலில் மூழ்கடித்திருந்தாலும் பிளக் நனையும். அப்போது சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி சுற்ற விடுங்கள். பிளக் காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை: ஃபில்டர், பம்ப், வெடித்த ரப்பர் குழாய் என்று வரிசையாகத் தேட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்த வேனில் எஞ்சின் இருப்பது ஓட்டுபவருக்கும் பக்கத்தில் உட்காருபவருக்கும் அடியில். வண்டிக்குள் பெட்ரோல் அல்லது கேஸ் வாடை வீசினால் சாவியைத் தொடாதீர்கள். உள்ளே இருப்பவர்களை, குறிப்பாகக் குழந்தைகளை, முதலில் இறக்குங்கள். கசிவை அடைத்து, வாடை முழுக்கப் போன பிறகுதான் பொறியைச் சோதிக்க வேண்டும். ஸ்டார்ட்டரையும் ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் ஓட்டக்கூடாது. சூடேறி அதுவும் போய்விடும்.

இனி நாக்பூர் வேனுக்கு வருவோம். தள்ளியதும் அது கிளம்பியது. அப்படியானால் பொறியும் பெட்ரோலும் சரி. ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தது. அப்படியானால் பேட்டரியும் சரி. இந்த இரண்டு சாட்சியங்களும் முதல் நாளே தெருவில் எல்லோர் கண் முன்பும் இருந்தன, யாரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் ஒருவர் ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் மாட்டினார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் சுற்றியது. எஞ்சினை பாடியோடு இணைக்கும் எர்த் ஒயரின் போல்ட் துருவேறிக் கிடந்தது. சிறு மின்சாரம் அதன் வழியே போனது. ஸ்டார்ட்டருக்குத் தேவையான பெரும் மின்சாரம் போகவில்லை.

போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து மறுபடி முடுக்கினார்கள். செலவு, அந்த உப்புத்தாளின் விலை. பழைய பேட்டரியை அதற்குள் எடைக்குப் போட்டாகிவிட்டது.