ஸ்டாலின் காது கொடுத்திருந்தால்...?

1941-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பொழுது இன்னும் விடியவில்லை.

ஜெர்மனிப் படைகள் ரஷ்ய எல்லைக்குள் பாய்ந்தன. சுமார் 30 லட்சம் வீரர்கள்! 3 ஆயிரத்துக்கும் அதிகமான டாங்கிகள்!

விமான தளங்களில் வரிசையாக நின்ற ரஷ்ய விமானங்கள் மீது குண்டு மழை பொழிந்தது. முதல் நாளிலேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் நாசமாயின. அவற்றில் பெரும்பாலானவை தரையிலேயே எரிந்து போயின.

இது யாருக்கும் தெரியாமல் வந்த ஆபத்தா? இல்லவே இல்லை!

வந்த எச்சரிக்கைகள்

டோக்கியோவில் இருந்த ரஷ்ய உளவாளி சோர்கே தகவல் அனுப்பினார். பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் ஏப்ரல் மாதமே எச்சரித்தார். முந்தின நாள் இரவு ஒரு ஜெர்மன் சிப்பாயே ஆற்றை நீந்திக் கடந்து வந்து, விடிந்தால் தாக்குதல் என்று சொல்லிவிட்டான்.

ஸ்டாலின் நம்பவில்லை. பிரிட்டனை முடிக்காமல் ஹிட்லர் இந்தப் பக்கம் திரும்பமாட்டார் என்று அவர் கணக்குப் போட்டார். நள்ளிரவுக்குப் பிறகுதான் தரைப்படைக்கு எச்சரிக்கை உத்தரவு கிளம்பியது. பல படைகளுக்கு அது போய்ச் சேருமுன் குண்டு விழுந்துவிட்டது.

உஷாராக இருந்த துறைமுகம்

முன்கூட்டியே உஷாராக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? இதைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. ஓர் இடத்தில் அப்படியே நடந்தது!

கடற்படைத் தலைவர் குஸ்நெட்சோவ், தம் கப்பல்களை அன்று நள்ளிரவுக்கு முன்பே உஷார்ப்படுத்தினார். கருங்கடல் துறைமுகமான செவாஸ்டபோல் விளக்குகளை அணைத்துக் காத்திருந்தது. ஜெர்மன் விமானங்கள் வந்ததும் பீரங்கிகள் முழங்கின. துறைமுகத்தை முடக்கும் திட்டம் பலிக்கவில்லை.

எல்லைப் படைகளும் இப்படிக் காத்திருந்தால்? யுத்தம் நின்றிருக்காது. ஜெர்மனியின் பலம் அப்படி. ஆனால் விமானங்கள் மறைக்கப்பட்டிருக்கும். ஆற்றுப் பாலங்கள் தகர்க்கப்பட்டிருக்கும். எதிரி அவ்வளவு வேகமாக உள்ளே நுழைந்திருக்க முடியாது.

பயத்தின் விலை

ரஷ்யாவில் வீரர்களுக்குப் பஞ்சமில்லை. உண்மையை உரக்கச் சொல்லத்தான் ஆள் இல்லை. அதற்குக் காரணம் ஸ்டாலினே! 1937 முதல் நடந்த களையெடுப்பில், 5 மார்ஷல்களில் 3 பேரை அவர் பலிவாங்கினார். மிஞ்சியவர்கள் வாய் திறப்பார்களா?

அந்த யுத்தத்தில் மடிந்த சோவியத் மக்கள் சுமார் 2 கோடியே 70 லட்சம் பேர். அவர்களில் எத்தனையோ பேர் பிழைத்திருக்கலாம்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். வெள்ளம் வருகிறது என்று சொல்பவனின் வாயை அடைத்துவிட்டால், அணை போடுவது யார்?